பாலத்துக்கு வாடகை வேண்டாம்

நியூயார்க் மாரத்தான் ஆண்டுதோறும் நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை வெரசானோ பாலத்தில் தொடங்குகிறது. ஸ்டேட்டன் தீவையும் புரூக்ளினையும் இணைக்கும் அந்தப் பாலத்தை ஓட்டத்துக்காகச் சில மணி நேரம் மூடுவதால் சுங்க வருமானம் போய்விடுகிறது என்பது மாநிலப் போக்குவரத்து ஆணையத்தின் குறை. அதற்கு ஈடாக ஆண்டுக்கு ஏறத்தாழ 7.5 லட்சம் டாலர் தர வேண்டும் என்று 2024-இல் அது போட்டி அமைப்பாளர்களிடம் கேட்டது. ஆளுநர் கேத்தி ஹோக்குல் தலையிட்டதால் அந்த ஆண்டு ஓட்டம் வழக்கம்போல் நடந்தது. ஆனாலும் அந்தக் கோரிக்கைக்கு அடியில் இருந்த எண்ணம் அத்தோடு போய்விடவில்லை. பொதுப் பாதையை ஆண்டில் ஒரு காலைப் பொழுது மக்களின் கால்களுக்கு விட்டுக்கொடுக்க அரசு காசு கேட்கக் கூடாது. கேட்க வேண்டியது வேறு ஒன்று உண்டு.

இந்த ஓட்டம் பிறந்த விதத்தைப் பார்த்தால் ஏன் காசு கேட்கக் கூடாது என்று விளங்கும். 1970-இல் முதல் போட்டி சென்ட்ரல் பூங்காவுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடந்தது. நுழைவுக் கட்டணம் ஒரு டாலர். 127 பேர் இறங்கினார்கள், 55 பேர் ஓடி முடித்தார்கள். முதலில் வந்தவர் கேரி மர்க்கி, தீயணைப்புத் துறை ஊழியர். நடத்தியவர்களில் முக்கியமானவர் பிரெட் லெபோ. ருமேனியாவில் பிறந்து, நியூயார்க்கில் ஆயத்த ஆடைத் தொழிலில் பிழைத்தவர்.

ஊரே ஓட்டத்தில் சேர்ந்தது 1976-இல்தான். அதற்கு முந்தைய ஆண்டு நகர நிர்வாகம் திவாலாகும் நிலைக்குப் போயிருந்தது. நியூயார்க் என்றாலே குற்றமும் குப்பையும் என்று வெளியூர்க்காரர்கள் பேசிய காலம் அது. அந்த நேரத்தில், நகரின் ஐந்து வட்டாரங்களையும் ஒரே பாதையில் கோத்து ஓடலாம் என்ற யோசனையைச் சொன்னவர் ஜார்ஜ் ஸ்பிட்ஸ் என்ற நகர ஊழியர். லெபோவே முதலில் தயங்கினார். மன்ஹாட்டன் வட்டாரத் தலைவர் பெர்சி சட்டன் ஆதரவு தந்தார். கட்டட, மனைத் தொழிலில் இருந்த ருடின் குடும்பம் பணம் கொடுத்தது. ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் ஓடினார்கள். கையில் காசில்லாத ஊர் தன் சாலைகளை இலவசமாகத் திறந்துவிட்டு, தன் பெயரை மீட்டுக்கொண்டது. அன்று பாலத்துக்கு வாடகை கேட்டிருந்தால் இந்தப் பந்தயம் இன்றும் பூங்காவுக்குள்தான் சுற்றிக்கொண்டிருக்கும்.

பாதையைப் பாருங்கள். கிட்டத்தட்டப் பாதித் தூரம் புரூக்ளினிலேயே போய்விடுகிறது. நான்காம் அவென்யூவில் நடைபாதை நெடுகப் பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள், ஓடுகிறவர்கள் தட்டிவிட்டுப் போக. அடுத்து வில்லியம்ஸ்பர்கில் ஆரவாரம் சட்டென்று அடங்கிவிடும். நீண்ட கறுப்பு அங்கி அணிந்த ஹசிடிக் யூதர்கள் ஓட்டக்காரர்களுக்கு இடையே வழி பார்த்துச் சாலையைக் கடப்பார்கள். புலாஸ்கி பாலத்தில் பாதித் தூரம் முடிந்து குவீன்ஸ். அங்கிருந்து குவீன்ஸ்பரோ பாலத்தின் கீழ்த்தளம். பார்வையாளர் எவரும் இல்லை. தலைக்கு மேல் இரும்பு, காதில் ஆயிரக்கணக்கான காலணிகளின் சத்தம் மட்டும். இறங்கித் திரும்பினால் மன்ஹாட்டனின் முதலாம் அவென்யூவில் கூட்டம் இரைகிறது. பிறகு பிராங்ஸில் சுமார் ஒரு மைல், மறுபடி மன்ஹாட்டன், ஐந்தாம் அவென்யூவின் ஏற்றம், பூங்காவுக்குள் முடிவு. வேறு எந்த நாளிலும் ஒரு வட்டாரத்துக்காரர் மற்ற நான்கையும் இப்படி முகத்துக்கு முகம் பார்ப்பதில்லை.

ஆணையத்தின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. பாலச் சுங்கத்தில் மிஞ்சும் பணம்தான் சுரங்க ரயிலுக்கும் பேருந்துக்கும் போகிறது. காரில்லாத ஏழையின் பயணச் செலவை அது தாங்குகிறது. ஆனால் ஓட்டக்காரர்களும், அவர்களைப் பார்க்க வருகிறவர்களும் அன்று ஊர் முழுக்க அதே ரயிலில்தான் போகிறார்கள்; விடுதியும் உணவகமும் கட்டும் வரி அரசுக்குத்தான் சேர்கிறது. ஒரு வாசலில் போனதை மட்டும் கணக்கெழுதி, மற்ற வாசல்களில் வந்ததை விட்டுவிடுவது கணக்காகாது.

அமைப்பாளர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. சாலை ஊருடையது, அது அவர்களுக்குக் கைமாற்றாகக் கிடைத்தது. 2012-இல் சாண்டி புயல் அடித்தபோது நகரில் இறந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஸ்டேட்டன் தீவினர். அந்தத் தீவிலிருந்தே அதே வாரம் ஓட்டத்தைத் தொடங்கப் பார்த்தார்கள். மக்கள் கொதித்தெழுந்த பிறகு, இரண்டு நாள் முன்பாகத்தான் மேயர் புளூம்பெர்க் ரத்து செய்தார். ஓட வந்தவர்களில் பலர் ஞாயிறன்று நிவாரணப் பொருள்களோடு தீவுக்குப் போனார்கள். அமைப்பாளர்களுக்கு முதலிலேயே தோன்றியிருக்க வேண்டிய காரியம் அது.

1972 போட்டியில் பெண்கள் ஆண்களுக்குப் பத்து நிமிடம் முன்னதாகத் தனியே கிளம்ப வேண்டும் என்று அமெரிக்கத் தடகள அமைப்பு விதித்தது. நீனா குஸ்சிக் உள்ளிட்ட ஆறு பெண்கள் துப்பாக்கி வெடித்ததும் தொடக்கக் கோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். பத்து நிமிடம் கழித்து ஆண்களோடு எழுந்து ஓடினார்கள். யார் ஓடலாம், எப்படி ஓடலாம் என்ற வழக்கு இந்தப் பந்தயத்துக்குப் புதிதல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறோம். இன்று அந்த வழக்கு பணத்தின் பெயரில் நடக்கிறது. ஒரு டாலராக இருந்த கட்டணம் உள்நாட்டவருக்கே 250 டாலரைத் தாண்டிவிட்டது. 2025 போட்டிக்கான குலுக்கலில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். இடம் கிடைத்தது நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். உள்ளூர்ப் போட்டிகள் ஒன்பதில் ஓடி, ஒன்றில் தொண்டு செய்தால் இடம் உறுதி என்ற வழி இருக்கிறது. ஆனால் அந்த ஒன்பதுக்கும் தனித்தனியே கட்டணம் கட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிற பிராங்ஸ்வாசிக்கு அது எட்டாத வழி.

ஆகவே ஆளுநரும் மேயரும் பாலத்துக்கு இனி வாடகை கேட்பதில்லை என்று நிரந்தரமாக உறுதி தரட்டும். அதற்குப் பதிலாக, சாலை மூடலைத் தாங்கும் ஐந்து வட்டாரத்தாருக்கும் தனி ஒதுக்கீடு, வருமானத்துக்கேற்பக் குறைந்த கட்டணம் என்று அமைப்பாளர்களிடம் கேட்கட்டும். அந்த ஒதுக்கீட்டில் பாதை அதிகம் தொடாத ஸ்டேட்டன் தீவுக்கும் பிராங்ஸுக்கும் முதலிடம் வேண்டும். அடுத்த குலுக்கல் தொடங்கும் முன் இது எழுத்தில் வந்தாக வேண்டும்.