சரோஜா என்ன ஆளுக?

பொட்டிப்புரம் என்றால் வெளியூர்த் தோழர்களுக்கு நியூட்ரினோ ஆய்வகம்தான் நினைவுக்கு வரும். எனக்கு அது அம்மாவின் ஊர். விடுமுறைக்குப் போயிருந்தபோது பெருமாள்முருகனின் ‘பூக்குழி’யை இரண்டாம் முறையாக வாசித்துக்கொண்டிருந்தேன். திராட்சைத் தோட்ட வேலை முடிந்து வந்த அம்மா என்ன கதை என்று கேட்டார். சொன்னேன்.

சோடாக் கடையில் வேலை பார்க்கும் குமரேசன், போன இடத்தில் காதலித்த சரோஜாவை மணந்து தன் ஊருக்குக் கூட்டி வருகிறான். நம்ம ஆளுகதான் என்று சாதிக்கிறான். ஊர் நம்பவில்லை. அவளுடைய நிறத்தையே சாட்சியாக்கிப் பேசுகிறது. அவன் தாய் மாராயி ஓயாமல் ஒப்பாரி வைக்கிறாள். ஊர் விலக்கி வைக்கிறது. முடிவில் முட்புதருக்குள் ஒளிந்தவளைச் சுற்றித் தீ வைக்கிறார்கள்.

முழுவதும் கேட்ட அம்மா ஒன்றுதான் கேட்டார்: “அந்தப் புள்ள என்ன ஆளுக?”

“புத்தகத்துல போடலம்மா.”

“போட வேற செய்யணுமாக்கும்? நம்ம புள்ளதான்.”

இதே நாவலை வாசித்த என் விடுதி நண்பர், ஆதிக்க சாதியில் பிறந்தவர், “அருமையான காதல் சோகம்” என்றார். சாதி என்ற சொல் அவர் வாயில் வரவேயில்லை. நாவல் மீது எனக்கிருக்கும் மதிப்பும் மனத்தாங்கலும் இந்த இரண்டு வாசிப்புகளுக்கு நடுவில்தான் கிடக்கின்றன.

மதிப்பு எதற்கு? இங்கே அரிவாள் தூக்கிய வில்லன் இல்லை. பெற்றவள், உறவுக்காரர்கள், பக்கத்துக் காட்டுக்காரர்கள் என்று அன்றாடம் புழங்கும் மனிதர்களே கொலைக்குத் தயாராகிறார்கள். சாதி வெறியை ஏதோ நாலு பேரின் கோபமாகக் காட்டாமல், ஊரின் ஒழுங்காகவே காட்டியதில் இந்நாவல் நேர்மையானது. சாதி மறுத்து மணந்து வந்த பெண், புகுந்த வீட்டுக்குள் படும் பாட்டை இவ்வளவு நெருக்கமாக எழுதியவர்கள் குறைவு.

மனத்தாங்கல் இதுதான். 2013இல் வெளிவந்த நாவல் தர்மபுரி இளவரசனுக்குக் காணிக்கை ஆக்கப்பட்டிருக்கிறது. 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகள் எரிக்கப்பட்டபோது, எரித்தது யார், எரிந்தது யார் வீடு என்பதில் எந்தப் பூடகமும் இல்லை. 2013 ஜூலை 4 அன்று தண்டவாளத்தோரம் பிணமாகக் கிடந்த இளவரசன் தலித். காணிக்கைப் பக்கத்தில் அவர் பெயர் இருக்கிறது. கதைக்குள் சாதியின் பெயர் இல்லை. 2023இல் இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு சர்வதேச புக்கர் நெடும்பட்டியல் வரை போனது. அதை வாசிக்கும் அயல்நாட்டவர், வந்தேறிப் பெண் மீது ஒரு கிராமத்துக்கு வந்த வெறுப்பு என்று புரிந்துகொண்டால் யாரைக் குறை சொல்வது?

பெயர் சொல்லாததால்தான் எல்லா ஊருக்கும் பொருந்துகிறது என்பார்கள். பொருந்துகிறது, மறுக்கவில்லை. அம்மாவுக்குப் பொருந்தியது. ஆனால் அம்மாவுக்குப் பெயர் தேவைப்படவில்லை. என் நண்பருக்குத்தான் தேவைப்பட்டது. சொல்லாமல் விட்ட இடத்தை நாம் நம் வலியால் நிரப்பிக்கொள்கிறோம். அவர்கள் அதையே வாசலாக்கி வெளியேறிவிடுகிறார்கள்.

உடுமலை சங்கரையும் 2025இல் நெல்லை கவினையும் கொன்றவர்களுக்குச் சாதியில் குழப்பமே இருக்கவில்லை. ஆணவக் கொலைக்குத் தனிச்சட்டம் கேட்டு நாம் தெருவில் நிற்பதும், இதைக் குடும்பத் தகராறு என்றோ காதல் சோகம் என்றோ பூசி மெழுகாதீர்கள் என்று சொல்லத்தான்.

‘பூக்குழி’யை வாசியுங்கள், பிறருக்கும் கொடுங்கள். கொடுத்தவரிடம் ஒரு வாரம் கழித்து என் அம்மா கேட்ட கேள்வியை மட்டும் கேட்டுவிடுங்கள்.