தாய்மொழியை மறந்த ஆசிரியை

இத்திங்கள் ஜப்பானிய ஆசிரியை ஒருவரை நினைவுகூர்கின்றோம். 1871-ஆம் ஆண்டில் 6 வயதுச் சிறுமியாக அமெரிக்காவுக்கு அனுப்பப்பெற்ற ட்சுடா உமேகோ, 1882-இல் தாயகம் மீண்டபோது, பெற்ற தாயுடன் பேசவும் மொழியின்றித் தவித்தார். ஜப்பானிய மொழியை முயன்று மீண்டும் கற்றார்; உயர்குடிப் பெண்கள் பள்ளியில் ஆங்கிலம் பயிற்றினார். 1900-இல் டோக்கியோவில் 10 மாணவியருடன் தாமே பள்ளி தொடங்கினார். ஒவ்வொருவரையும் தனித்தனியே கவனிக்கச் சிறு வகுப்பே சிறந்ததென்பது அவர் கொள்கை. அப்பள்ளியே இன்று ட்சுடா பல்கலைக்கழகம்.

லாலாகுடாவில் நம் குழந்தைகள் பள்ளியில் ஆங்கிலமும், தெருவில் தெலுங்கும் இந்தியும் பேசுகின்றனர். நன்றே! ஆயினும், விடுமுறையில் ஊர் சென்றால் பாட்டியுடன் பேசத் தமிழ் வேண்டாமா? அச்சிறுமிக்கு அந்நாட்டில் தாய்மொழி பேச வீடில்லை. நம் மக்களுக்கு உண்டு. இரவில் கால்மணி நேரமேனும் தமிழ் படிப்பிப்போமாக!