படகு இயந்திரமும் மாற்றுப்பாகமும்: எதில் மிச்சம் பிடிக்கலாம்?

படகின் வெளியிணைப்பு இயந்திரம் பழுதானால் 'ஒறிஜினல்' போடுவதா, 'டூப்ளிகேட்' போடுவதா என்பது எமது கரையோரக் கிராமங்களில் ஓயாத வாக்குவாதம். முகவர்கள் ஒறிஜினலையே வலியுறுத்துகிறார்கள். பட்டணத்துக் கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்கிறார்கள். இரண்டு பேச்சிலும் வியாபாரம் இருக்கிறது. தொழிலாளியின் பக்கத்தில் நின்று நாம் கேட்க வேண்டியது வேறொன்று: இந்தப் பாகம் நடுக்கடலில் பழுதானால் என்ன நடக்கும்?

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்வோம். இயந்திரக் கம்பனி தனது பெயரில் விற்கும் எல்லாவற்றையும் தானே செய்வதில்லை. பெயாரிங், ஒயில் சீல், பிளக் போன்றவற்றை அவற்றுக்கென்றே உள்ள கம்பனிகள் செய்து கொடுக்கின்றன. பழைய பெயாரிங்கில் பொறித்திருக்கும் இலக்கத்தைக் குறித்துக்கொண்டுபோய்ப் பெயாரிங் கடையில் கேட்டால், பல வேளைகளில் அதே பொருள் வேறு பெட்டியில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். இதில் குற்றமொன்றுமில்லை. வேறொரு கம்பனி தன் சொந்தப் பெயரைப் போட்டுச் செய்யும் பாகங்களும் உண்டு. அவற்றில் நல்லதும் இருக்கும், கூடாததும் இருக்கும். ஆனால் பெரிய கம்பனியின் பெட்டியையும் முத்திரையையும் பார்த்துச் செய்து விற்பது மாற்றுப்பாகமன்று, களவு. இந்த மூன்றையும் 'டூப்ளிகேட்' என்ற ஒரே சொல்லால் அழைப்பதால்தான் எமது மக்கள் ஏமாறுகிறார்கள்.

இனி, தண்ணீருக்குள் நிற்கும் கியர்ப் பெட்டிக்கு வருவோம். மேலிருந்து இறங்கும் தண்டின் சுழற்சியைப் பற்சில்லுகள் திருப்பிப் புறொப்பெல்லருக்குக் கொடுக்கின்றன. அவற்றைச் சூழக் கியர் ஒயில். அந்த ஒயிலுக்கும் கடலுக்கும் இடையில் நிற்பதோ சிறியதொரு றப்பர்ச் சீல். அறுந்து மிதக்கும் தங்கூசி நரம்பு தண்டில் சுற்றினால் சீலை வெட்டிவிடும். பிறகு தண்ணீர் உள்ளே போகும், ஒயில் பால்போல வெளுக்கும், பெயாரிங் துருப்பிடிக்கும், கடைசியில் பற்சில்லே உடையும். தரமற்ற றப்பருக்கு நரம்பும் தேவையில்லை. தானே இறுகி ஒழுகத் தொடங்கும். தண்ணீர்ப் பம்பின் இம்பெல்லரும் இதே சாதிதான். மணல் கலங்கிய களப்பில் தேய்ந்துபோகும். கரையில் வைத்துத் தண்ணீரில்லாமல் ஸ்ராட் பண்ணிப் பார்க்கும் பழக்கம் அதைச் சீக்கிரம் கெடுத்துவிடும் (இந்தப் பழக்கத்தை விடச் சொல்லி விடச் சொல்லி எமக்கு வாய் வலித்துவிட்டது). இம்பெல்லரின் இதழ் உடைந்தால் இயந்திரம் சூடேறிப் பிஸ்டன் இறுகும். சீலிலும் இம்பெல்லரிலும் மிச்சம் பிடிக்கவே கூடாது என்பது எமது உறுதியான கருத்து. விலையில் சிறியவை இவை. இவற்றால் அழிவதோ முழு இயந்திரம்.

புறொப்பெல்லர் அப்படியன்று. விட்டமும் பிச்சும் பழையதைப் போலவே இருந்தால் பேர்பெற்ற மாற்றுக் கம்பனியின் அலுமினியப் புறொப்பெல்லர் போதும். துருப்பிடிக்காத உருக்கில் செய்தது பலமானதுதான், ஆனால் கல்லில் அடிபட்டால் அது வளையாமல் அடியைப் பற்சில்லுக்கு அனுப்பிவிடும். சிறிய இயந்திரங்களில் புறொப்பெல்லரைப் பிடிக்கும் பின் உடையவேண்டியபோது உடைவதற்கென்றே செய்யப்பட்டது. அதற்குப் பதிலாக ஆணியைச் செருகுவது கெட்டித்தனம் அல்ல. துருவைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் நாகத் துண்டை எங்கும் வாங்கலாம். மக்னீசியத் துண்டு நன்னீருக்குரியது, கடலுக்குக் கூடாது. நாகத் துண்டுக்கு வர்ணம் பூசினால் அது இருந்தும் பயனில்லை.

வடகடலில் இந்தப் பேச்சு வெறும் காசுக் கணக்கோடு முடிவதில்லை. 1974, 1976 ஆம் ஆண்டு உடன்படிக்கைகளால் கீறப்பட்ட எல்லை எமது தொழிலிடங்களுக்கு மிகக் கிட்டவே கிடக்கிறது. இயந்திரம் நின்ற படகைக் காற்றும் நீரோட்டமும் எந்தப் பக்கம் தள்ளும் என்று யாரும் சொல்ல முடியாது. அந்தப் பக்கம் போனவன் மீன் பிடிக்கப் போனானா, இழுபட்டுப் போனானா என்று விளக்கம் சொல்லி வீடு திரும்ப எத்தனை நாளாகும்!

இதெல்லாம் தெரியாமலா தொழிலாளி மலிவானதை வாங்குகிறான்? தெரிந்துதான் வாங்குகிறான். 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக உயர்ந்தபோது அவன் மீனின் விலை அப்படி உயரவில்லை. முதலாளியிடம் முற்பணம் வாங்கி, அவர் சொன்ன விலைக்கே மீனைக் கொடுப்பவனிடம் இன்று கையில் உள்ள காசுக்கு எது வருமோ அதுதான் வரும். அவனுக்குத் தரத்தைப் பற்றிப் புத்தி சொல்லும் நாம், அந்த நேரத்தில் அவனுக்குச் சீல் கொடுக்க என்ன ஏற்பாடு செய்திருக்கிறோம்?

ஒவ்வொரு கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமும் தன் ஊரில் ஓடும் இயந்திர வகைகளுக்குரிய சீல், இம்பெல்லர், பின், கியர் ஒயில் என்பவற்றை மட்டுமாவது இருப்பில் வைத்து, உறுப்பினருக்குத் தவணைக்குக் கொடுக்க வேண்டும். பெரிய களஞ்சியம் தேவையில்லை, ஓர் அலுமாரி போதும். சமாசம் ஒன்றாகச் சேர்ந்து பற்றுச்சீட்டோடு வாங்கினால் போலிப் பொருளைத் திருப்பிக் கொடுக்கவும் வாயிருக்கும். தொழிலுக்குப் போகாத ஞாயிற்றுக்கு முந்திய மாலையில் கியர் ஒயிலைச் சிறிது வடித்து நிறம் பார்ப்பதை இளைஞருக்குப் பழக்கலாம். பாகத்தை எடுத்தபின் வெற்றுப் பெட்டியை அங்கேயே கிழித்துவிட வேண்டும். அதே பெட்டி போலிச் சீலோடு மறுபடியும் எமது கரைக்கு வரலாம்.