கார்ப்பந்தய விளையாட்டும் எங்கள் பிரதான வீதியும்

வீதி விபத்தில் ஓர் இளைஞன் இறந்துவிட்டால், ஜனாஸா நல்லடக்கம் முடிந்து திரும்பும் வழியிலேயே எங்கள் ஊரில் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. "எல்லாம் இந்தக் கேம் விளையாடி வந்த வினை" என்பதுதான் அந்தத் தீர்ப்பு. பள்ளிவாசல் முற்றத்திலும் தேநீர்க் கடையிலும் இதைப் பலமுறை கேட்டுவிட்டேன். ஐம்பதைக் கடந்த வயதில், கணினித் திரைக்கு முன்னால் ஸ்டீயரிங் பிடித்துக் கார் ஓட்டி மகிழ்கிறவன் நான். ஆகவே இந்த வழக்கில் நானும் ஒரு பிரதிவாதி. என் பக்க நியாயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பத்திரிகைக்காரன் என்ற முறையில் வாதியின் பக்கத்தையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

முதலில் மகிழ்ச்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கார் ஓட்டுவதில் எனக்கு உள்ள பிரியம் தொழிலோடு வளர்ந்தது. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில், அக்கரைப்பற்று என்று வந்து, சாய்ந்தமருதை ஊடறுத்து மட்டக்களப்புக்குப் போகும் ஏ-4 வீதியில் செய்திக்காக நான் ஓடிய ஓட்டம் கொஞ்சநஞ்சமல்ல. லகுகல காட்டுக்குள் யானைக்காக வேகத்தைக் குறைப்பதும், மலை இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல் கியரை இறக்கி வருவதும் அந்த வீதி கற்றுத் தந்த பாடங்கள். என்னிடம் இருப்பது ஒரு பழைய கொரோலா 110. இதைவிடச் சிறந்த காரை வாங்கும் யோகம் பிராந்தியப் பத்திரிகையாளனுக்கு இந்த நாட்டில் வாய்க்காது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பிறகும் காரின் விலையோடு வரியையும் கூட்டிப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

இந்த நிலையில்தான், கட்டாரில் இருக்கும் மருமகன் தான் பாவித்த ஸ்டீயரிங் சக்கரத்தையும் மூன்று பெடல்களையும் ஒரு பெட்டியில் போட்டு அனுப்பினான். கூடவே 'அசெட்டோ கோர்சா' என்ற விளையாட்டையும் அறிமுகப்படுத்தினான். இத்தாலியின் குனோஸ் சிமுலாசியோனி நிறுவனம் 2014இல் வெளியிட்டது அது. ஒரு சிறிய மஸ்தா எம்.எக்ஸ்.-5 காரை எடுத்துக்கொண்டு ஜேர்மனியின் நூர்பர்க்ரிங் வடக்கு வளையத்தில் இறங்கினேன். 1927இல் திறக்கப்பட்டு, ஏறத்தாழ 20.8 கிலோமீற்றர் நீளத்தில் காட்டையும் மலையையும் சுற்றிவரும் பாதை அது. ஜாக்கி ஸ்டூவர்ட் அதற்கு வைத்த பெயர் 'பச்சை நரகம்'. 1976இல் நிக்கி லாடா தீயில் சிக்கி உயிர் தப்பிய பாதையும் அதுதான். கையில் இருக்கும் சக்கரம் உண்மையான ஸ்டீயரிங்கைப் போலவே இழுக்கிறது, அதிர்கிறது. டயர் பிடிமானத்தை இழக்கும்போது இலேசாகிவிடுகிறது. பிடிமானம் போகப்போகிறது என்பதைக் கண்ணுக்கு முன்னே கை அறிந்துகொள்கிறது. காரை நேசிக்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இப்போது வழக்குக்கு வருவோம். கார் விளையாட்டு என்று எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவதுதான் எங்கள் தீர்ப்பில் உள்ள முதல் பிழை. இதில் இரண்டு சாதி உண்டு.

ஒன்று, தெருவில் ஓடும் விளையாட்டு. சிவப்பு விளக்கைத் தாண்டினால் புள்ளி, எதிரே வரும் வாகனத்தை உரசிக்கொண்டு போனால் மேலதிக வேகம், பொலிஸை ஏமாற்றித் தப்பினால் பரிசு. சுவரில் மோதினாலும் கார் துள்ளி எழுந்து ஓடும். மற்றையது, காரின் இயல்பை உள்ளபடி கணக்கிட்டுக் காட்ட முயலும் விளையாட்டு. ஜெஃப் கிராமண்ட் உருவாக்கிய கிராண்ட் பிரீ விளையாட்டு, 1998இல் வந்த 'கிராண்ட் பிரீ லெஜன்ட்ஸ்', 2008இல் தொடங்கிய 'ஐரேசிங்' எல்லாம் இந்த வகை. காரின் பாரம் எந்தச் சக்கரத்தில் எவ்வளவு இறங்குகிறது, டயர் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்பதையெல்லாம் கணினி ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான தடவை கணக்குப் பார்க்கிறது. இங்கே அவசரக்காரனுக்குப் பரிசு இல்லை. வளைவுக்குள் பிரேக்கை மிதித்தால் பின்பக்கம் சுழன்று நீங்கள் புல்லில் கிடப்பீர்கள்.

கசுனோரி யமவுச்சி உருவாக்கி 1997 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த 'கிரான் டூரிஸ்மோ'வை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் முக்கியமான பந்தயங்களில் இறங்குவதற்கு முன் சாரதி அனுமதிப்பத்திரப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். ஆரம்பப் பரீட்சையே, காரை எடுத்துச் சென்று குறித்த கோட்டுக்குள் நிறுத்துவதுதான். ஓடுவதற்கு முன் நிற்கக் கற்றுக்கொள் என்கிறது அந்த விளையாட்டு. எங்கள் பிரதான வீதியில் பறக்கும் பிள்ளைகள் எத்தனை பேரிடம் அனுமதிப்பத்திரம் இருக்கிறது என்று யாராவது கேட்டுப் பார்க்கட்டும்!

இந்த வேறுபாடு என் கற்பனையன்று. ஜேர்மன் உளவியலாளர் பீற்றர் ஃபிஷரும் அவருடைய சகாக்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வு, பந்தய விளையாட்டுகள் வீதியில் துணிச்சல் காட்டும் மனப்போக்கை உயர்த்துகின்றன என்றது. வாதியின் கையில் இருக்கும் பலமான சாட்சி அதுதான். நான் அதை மறுக்கப் போவதில்லை. ஆனால் அதே குழுவினர் 2009இல் மேலும் ஆராய்ந்தபோது, இந்தத் தாக்கம் பிரதானமாக வீதி விதிகளை மீறுவதற்குப் பரிசு கொடுக்கும் விளையாட்டுகளிலிருந்தே வருகிறது என்று கண்டார்கள். அதாவது, குற்றம் காரில் இல்லை. எதற்குப் பரிசு கிடைக்கிறது என்பதில் இருக்கிறது. பிள்ளை என்ன விளையாடுகிறது என்று பெற்றோர் ஒருமுறை அருகில் உட்கார்ந்து பார்த்தாலே இது விளங்கிவிடும்.

மெய்யான பந்தய விளையாட்டு எனக்குத் தந்த மிகப்பெரிய பாடம் பிரேக் பற்றியது. வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. நல்ல டயர், காய்ந்த வீதி என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 50 கிலோமீற்றரில் பிரேக் பிடித்த பின் ஏறத்தாழ 14 மீற்றரில் கார் நிற்கும். 100இல் அதற்கு 55 மீற்றர் வேண்டும். ஆபத்தைக் கண்டு கால் பெடலுக்குப் போக ஒரு நொடி பிடிக்கிறது என்றால், அந்த ஒரு நொடிக்குள் முன்னையதில் 14 மீற்றரும் பின்னையதில் 28 மீற்றரும் ஓடிப் போயிருக்கும். ஆக மொத்தம் 28 மீற்றர் எங்கே, 83 மீற்றர் எங்கே! இந்தக் கணக்கைப் பாடசாலையில் படித்தவர்கள்தாம் நாம் எல்லோரும். ஆனால் திரையில் ஐம்பது தடவை பாதையை விட்டு வெளியே போய் விழுந்த பிறகுதான் அது என் காலுக்குத் தெரிந்தது. இப்போது கொரோலாவை ஓட்டும்போது முன்னால் போகும் பஸ்ஸுக்கும் எனக்கும் இடையில் விடும் இடைவெளி கூடியிருக்கிறது.

சரி, விளையாட்டில் ஓட்டியவன் உண்மையிலும் ஓட்டுவானா? ஓட்டியிருக்கிறார்கள். நிசானும் சோனியும் சேர்ந்து 2008இல் தொடங்கிய 'ஜி.டி. அக்கடமி' போட்டியில் முதலில் வென்ற ஸ்பானியர் லூகாஸ் ஓர்டோனெஸ், 2011 லு மான் 24 மணிநேரப் பந்தயத்தில் தன் பிரிவில் இரண்டாம் இடம் பிடித்த அணியில் ஓட்டினார். 2011இல் அதே போட்டியில் வென்ற பிரித்தானிய இளைஞர் ஜான் மார்டன்பரோ, 2013 லு மானில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்த அணியில் இருந்தார். அவருடைய கதைதான் 2023இல் திரைப்படமாக வந்தது. 2020இல் கொரோனா பந்தயங்களை நிறுத்தியபோது, ஃபோர்மியுலா வன் ஓட்டுநர்களே வீட்டிலிருந்து திரையில் போட்டியிட்டார்கள். கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபோர்மியுலா வன் களத்தில் இறங்கிய முதல் இந்தியரானதைத் தமிழர்கள் எல்லோரும் கொண்டாடினோம். அவருக்கு அருகிலேயே காரி மோட்டார் ஸ்பீட்வேயும், சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையும் இருந்தன. எங்கள் பிள்ளைக்கு என்ன இருக்கிறது? இலங்கையின் பேர்பெற்ற பந்தயக் களங்களான கட்டுக்குருந்தையும் நுவரெலியாவும் தியத்தலாவையும் எங்கள் கரையிலிருந்து வெகு தூரம். கல்முனைக் கரையோரத்தில் ஆசைப்பட்டவனுக்கு மிஞ்சுவது ஒன்றில் திரை, அல்லது பிரதான வீதி. நான் அவனைத் திரைக்கு அனுப்பச் சொல்கிறேன்.

இனி, விளையாட்டு எதைக் கற்றுத் தராது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். திரையில் வலி இல்லை. மோதிய பின் ஒரு பொத்தானை அமுக்கினால் கார் புதிதாக வந்து நிற்கும். வளைவில் உடலை ஒருபக்கம் தள்ளும் விசை இல்லை, வயிற்றைப் பிசையும் அச்சமும் இல்லை. இவற்றைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. பந்தயப் பாதையில் எல்லோரும் ஒரே திசையில் ஓடுகிறார்கள். எங்கள் வீதியிலோ, மாளிகைக்காட்டுச் சந்தியிலிருந்து கல்முனை வரை, பாடசாலை விட்டு வரும் பிள்ளைகள், மீன் கூடையோடு வரும் சைக்கிள், திடீரென்று திரும்பும் ஓட்டோ, இஷாத் தொழுது வெளியேறும் முதியவர்கள் என்று எல்லாத் திசையிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் பந்தயத்துக்கு வந்தவர்கள் அல்லர். அவர்களை மதிக்க எந்த விளையாட்டும் கற்றுத் தராது. அதை வாப்பாவும் உம்மாவும் ஊரும்தான் கற்றுத் தர வேண்டும்.

உண்மையான பந்தயமும் இந்தப் பாடத்தை இரத்தத்தில் எழுதியிருக்கிறது. மார்டன்பரோவின் கார் 2015 மார்ச்சில், நான் திரையில் ஓட்டுகிற அதே நூர்பர்க்ரிங்கில் காற்றில் எழுந்து வேலியைத் தாண்டி விழுந்தது. பார்வையாளர் ஒருவர் உயிரிழந்தார். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் ஒரு கார் பாதையை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் புகுந்ததில் ஒரு சிறுமி உட்பட ஏழு பேர் மாண்டார்கள். இரண்டு இடத்திலும் ஓரத்தில் நின்றவர்களே இறந்தார்கள். வேகத்தின் விலையைப் பல வேளைகளில் ஓட்டுகிறவன் கொடுப்பதில்லை, ஓரத்தில் நிற்பவன் கொடுக்கிறான். பந்தயத்துக்கென்று ஒதுக்கிய இடத்திலேயே இப்படியென்றால், கடையும் வீடும் முட்டிக்கொண்டு நிற்கும் எங்கள் வீதியில் என்ன நடக்கும்?

இந்த நாட்டில் வீதி விபத்துகளில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் இறக்கிறார்கள். அவர்களில் பெரும் பங்கினர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். கவனியுங்கள், மோட்டார் சைக்கிள்! எங்கள் இளைஞர்களைக் கொல்வது அவர்கள் திரையில் ஓட்டும் கார் அன்று. நாம் லீசிங்கில் எடுத்துக் கொடுக்கும் சைக்கிள். சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு, பதினெட்டு வயதாகாத பிள்ளைக்கு அதை வாங்கிக் கொடுத்தது யார்? தலைக்கவசம் இல்லாமல் மூன்று பேராகப் போகும்போது, "பக்கத்தில தானே போறான்" என்று விட்டது யார்? நோன்பு காலத்து இரவுகளில் தராவீஹ் முடிந்து வீதியில் நடக்கும் ஓட்டப்போட்டியைக் கடை வாசலில் இருந்து வேடிக்கை பார்த்தது யார்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்வது கடினம். விளையாட்டின் மீது பழியைப் போடுவது சுலபம். ஆகவேதான் அந்தத் தீர்ப்பு அத்தனை விரைவாக எழுதப்படுகிறது.

2022இல் பெற்றோல் இல்லாமல் நாடு நின்றபோது, கியூ.ஆர். முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று தொடங்கினார்கள். அந்த மாதங்களில் வீதி எப்படி அமைதியாக இருந்தது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். பிள்ளைகளின் குணம் அப்போது மாறியிருக்கவில்லை, பெற்றோல்தான் இல்லை. கைக்கு எது எட்டுகிறதோ அதைக் கொண்டு அவர்கள் வேகத்தைத் தேடுகிறார்கள். எட்டும் பொருளை நாம்தான் தீர்மானிக்கிறோம்.

நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. எங்கள் நூலகத்திலோ இளைஞர் கழகத்திலோ இரண்டு கணினிகளையும் இரண்டு ஸ்டீயரிங் சக்கரங்களையும் வைக்கலாம். ஒரு மோட்டார் சைக்கிளின் விலைக்கு மேல் செலவாகாது. முதல் மாதம் வேகப்போட்டி வேண்டாம்; யார் குறித்த கோட்டில் நிறுத்துகிறார், யார் பாதையை விட்டு விலகாமல் பத்துச் சுற்று ஓடுகிறார் என்று போட்டி வைக்கலாம். சாரதிப் பயிற்சிப் பாடசாலைகளும் வந்து பிரேக் தூரத்தை அங்கே காட்டலாம். பதினெட்டு வயதாகும்வரை சாவியைப் பெற்றோர் தம்மிடமே வைத்திருக்கலாம். கடைசியாகச் சொன்னதற்கு ஒரு சதமும் செலவில்லை. ஆனாலும் அதுவே எல்லாவற்றிலும் கடினமானது என்பதை, வீட்டில் இளைஞர்களை வைத்திருக்கும் எவரும் அறிவர்.