ஓட்டை பொருந்தினால் போதுமா? ஓட்டம் பொருந்த வேண்டாமா?

சிகரெட்டுக்குத் தீப்பெட்டி வேண்டும். இது பழைய கதை.

சிகரெட்டுக்கு பிளக் வேண்டும். இது புதிய கதை!

கம்ப்யூட்டரில் வயரைச் சொருகுகிறார்கள். மறுமுனையை வாயில் வைத்து இழுக்கிறார்கள். வேடிக்கை அல்ல. 2010 வாக்கில் அமெரிக்காவில் ஆபீஸ் மேஜையிலேயே இதைச் செய்தவர்கள் உண்டு. இந்தக் கருவிக்கு "பாஸ்-த்ரூ" என்று பெயர். பேட்டரி தீர்ந்து போகிற தொல்லை இல்லை. கரண்டு நேரே வயரில் வருகிறது என்று சொல்லி விற்றார்கள்.

அதிலும் "அதிக வோல்ட்" ரகத்துக்குத் தனி மவுசு. சாதாரண மின்சார சிகரெட்டின் லித்தியம் பேட்டரி 3.7 வோல்ட். இந்த ரகம் 5 வோல்ட். "ஒண்ணேகால் வோல்ட்தானே கூடுது, என்ன ஆயிடும்?" என்று கேட்கத் தோன்றும்.

என்ன ஆகும் என்பதுதான் விஷயமே.

கணக்கு இதுதான்

மின்சார சிகரெட்டுக்குள் நெருப்பு கிடையாது. சின்னக் கம்பிச் சுருள் இருக்கிறது. இஸ்திரிப் பெட்டிக்குள் இருக்கும் அதே சமாச்சாரம், குட்டி அளவில். கரண்டு பாய்ந்தால் சுருள் சூடாகும். நிகோடின் கலந்த திரவம் ஆவியாகும்.

சுருளின் தடை இரண்டரை ஓம் என்று வைத்துக்கொள்வோம். 3.7 வோல்ட் கொடுத்தால் சுமார் ஒன்றரை ஆம்பியர் ஓடும். ஐந்தரை வாட் சூடு. அதே சுருளுக்கு 5 வோல்ட் கொடுத்தால் 2 ஆம்பியர். 10 வாட் சூடு! வோல்ட் கூடியது மூன்றில் ஒரு பங்கு. சூடு கூடியதோ கிட்டத்தட்ட இரட்டிப்பு.

சரி, அந்த 2 ஆம்பியரை யார் தருவது? கம்ப்யூட்டரில் உள்ள பழைய யு.எஸ்.பி. ஓட்டைக்கு விதித்த அளவு அரை ஆம்பியர்தான். அடுத்து வந்த ரகத்துக்கு 0.9 ஆம்பியர். கால்படி இருக்கிற இடத்தில் ஒரு படி கேட்டால் எங்கே போவது? நல்ல கம்ப்யூட்டர் என்றால் "முடியாது" என்று கரண்டை நிறுத்திக்கொள்ளும். மட்டமான சரக்கு என்றால் போர்டே கருகும்.

சின்ன பிளக், பெரிய பிளக்

நம் வீட்டுச் சுவரைப் பாருங்கள். சின்ன பிளக் ஒன்று, பெரிய பிளக் ஒன்று. அந்தக் காலத்தில் 5 ஆம்பியர், 15 ஆம்பியர் என்பார்கள். இப்போது 6, 16. வாட்டர் ஹீட்டரின் தடித்த பின், சின்ன பிளக்கின் ஓட்டைக்குள் நுழையவே நுழையாது. ஆம்பியர் என்றால் என்னவென்று தெரியாதவரையும் காப்பாற்றுகிற ஏற்பாடு அது. ஓட்டையின் அளவே காவல்காரன்!

யு.எஸ்.பி.யில் அந்தக் காவல்காரன் இல்லை. அரை ஆம்பியர் தருகிற ஓட்டைக்கும் அதே வடிவம். இரண்டரை ஆம்பியர் தருகிற ஓட்டைக்கும் அதே வடிவம். எதை எதில் வேண்டுமானாலும் சொருகலாம். சொருகின பிறகுதான் சங்கதி தெரியும்.

கடை வாசலில் நடக்கிற பேச்சும் அப்படித்தான்.

"அண்ணே, இதுக்கு ஒரு சார்ஜர் குடுங்க."

"எதுவா இருந்தா என்ன தம்பி, ஓட்டை ஒண்ணுதானே? இதை எடுத்துக்கோ, விலை கம்மி."

அங்கேதான் தப்பு ஆரம்பம். ஓட்டை ஒன்றுதான். ஓட்டம் ஒன்றல்ல!

சார்ஜர் பலவீனமாக இருந்தால் சார்ஜர் கொதிக்கும். சார்ஜர் பலமாக இருந்தால்? எவ்வளவு குடிப்பது என்று தீர்மானிக்க, கருவிக்குள் ஒரு கட்டுப்பாட்டுச் சுற்று இருக்க வேண்டும். சாதாரண லித்தியம் பேட்டரி 4.2 வோல்ட்டில் நிரம்பிவிடும். அதற்கு மேல் ஊட்டினால் அஜீரணம் அல்ல, ஆபத்து. உள்ளே சூடு பிறக்கும். அந்தச் சூடு மேலும் சூட்டைப் பிறப்பிக்கும். பிறகு நிறுத்த ஆள் கிடையாது. காசை மிச்சம் பிடிக்கிற மலிவுச் சரக்கில் முதலில் காணாமல் போவது இந்தக் கட்டுப்பாட்டுச் சுற்றுதான்.

அமெரிக்காவில் நடந்தது

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் கணக்கு எடுத்து 2017-ல் அறிக்கை வெளியிட்டது. 2009 முதல் 2016 வரை மின்சார சிகரெட் தீப்பிடித்த, வெடித்த சம்பவங்கள் 195. காயம்பட்டவர்கள் 133 பேர். அதில் 38 பேருக்குப் படுகாயம். சட்டை, பேண்ட் பையில் இருந்தபோது நடந்தவை 61. வாயில் வைத்து இழுக்கும்போது அல்லது கையில் இருந்தபோது 60. சார்ஜ் ஏறும்போது 48.

அந்தக் கணக்கில் சாவு இல்லை. பிறகு அதுவும் வந்தது. 2018 மே மாதம் புளோரிடாவில் ஒருவர் செத்தார். 2019 ஜனவரியில் டெக்சாஸில் ஓர் இளைஞர் செத்தார். கருவி குழாய் மாதிரி இருப்பதால், பேட்டரி வெடித்தால் முனை பிய்த்துக்கொண்டு தீபாவளி ராக்கெட் போலப் பாயும். அதுவும் முகத்துக்கு நேரே!

இங்கே சட்டம் என்ன?

தமிழ்நாட்டில் 2018-லேயே தடை. நாடு முழுவதற்கும் 2019 செப்டம்பரில் அவசரச் சட்டம். அந்த ஆண்டு டிசம்பரில் பார்லிமெண்ட் சட்டம். தயாரித்தாலோ, விற்றாலோ, விளம்பரம் செய்தாலோ முதல் தடவை ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறக்குமதியும் அந்தப் பட்டியலில் உண்டு. "வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வா மாப்ளே" என்று வெளிநாட்டு உறவுக்குச் சொல்லி அனுப்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தடை சரிதான். ஆனால் தடை போட்டதோடு வேலை முடிந்துவிடவில்லை. மறைவில் வருகிற சரக்குக்குப் பில் இல்லை. முத்திரை இல்லை. வெடித்தால் போய்க் கேட்க முகவரி இல்லை. அப்படிப்பட்ட கருவியில் "எது பாதுகாப்பானது?" என்று கேட்டால் ஒரே பதில்தான்: வாங்காமல் இருப்பதுதான்!

அதோடு, பேட்டரிக்குச் சிகரெட் என்றும் செல்போன் என்றும் பேதம் கிடையாது. செல்போன், பவர் பேங்க், சின்ன விசிறி, குழந்தையின் பொம்மை, எல்லாவற்றிலும் இருப்பது அதே லித்தியம். எல்லோர் வீட்டிலும் இருப்பது அதே ஓட்டை.

வாங்குகிறவர் பார்க்க வேண்டியது

சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் வோல்ட், ஆம்பியர் இரண்டும் போட்டிருக்கும். கருவி கேட்கிற ஆம்பியருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். வோல்ட் ஒத்துப்போக வேண்டும்.

"ஆர்" என்ற எழுத்தில் தொடங்கும் இந்தியத் தர அமைப்பின் பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சார்ஜருக்கும் பவர் பேங்குக்கும் அது கட்டாயம்.

உப்பிய பேட்டரியை அந்த நிமிடமே ஒதுக்க வேண்டும். தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடுகிற பழக்கத்தை விட வேண்டும். சூடு வெளியேற வழியில்லாத இடம் அது. தூங்குகிற தலையோ பக்கத்திலேயே!

ரிச்சி தெருவில் வாங்கினாலும் சரி, ரயில்வே ஸ்டேஷன் படிக்கட்டில் வாங்கினாலும் சரி, கேள்வி கேட்பது வாங்குகிறவர் உரிமை. "இது எத்தனை ஆம்பியர், அண்ணாச்சி?" என்று கேட்க ஒரு நொடிதான் ஆகும். பதில் சொல்லத் தெரியாத கடைக்காரர் அந்தச் சரக்கை விற்கக் கூடாது. பதிவு எண் இல்லாத சார்ஜரைத் தட்டில் கொட்டி விற்பதை அதிகாரிகள் பார்த்துக்கொண்டு போகவும் கூடாது.

அம்பது ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் வீட்டையே அடகு வைப்பதா?

ஓட்டை பொருந்தினால் போதாது. ஓட்டமும் பொருந்த வேண்டும்!