கேட்டுவிட்டு எடுங்கள்!

ஜப்பான் போய் வந்தவர்களின் செல்போனை வாங்கிப் பாருங்கள். ஃபுஜி மலை, செர்ரிப் பூக்கள், ஆரஞ்சு நிற வாசல்கள், கிமோனோ உடுத்திய பெண்... பெரும்பாலும் இதே நான்கு படங்கள்தான் இருக்கும். தப்பே இல்லை. அவ்வளவு செலவு செய்து போகிறோம், படம் எடுக்காமல் வர முடியுமா? ஆனால், எங்கே எடுக்கலாம், எங்கே கூடாது என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

கியோட்டோ நகரத்தின் கியோன் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடல், பாடல், தேநீர் உபசாரம் என்று வருடக்கணக்கில் பயின்ற கெய்கோ பெண்களும், பயிற்சியில் இருக்கும் மைக்கோ பெண்களும் மாலையில் அந்தத் தெருக்களில் வேலைக்குப் போவார்கள். அவர்களை வழிமறிப்பது, துரத்திப் போய் முகத்துக்கு நேராக செல்போனை நீட்டுவது, கிமோனோவைப் பிடித்து இழுப்பது என்று சுற்றுலாப் பயணிகளின் தொல்லை எல்லை மீறியது. 2019-ல், தனியார் சந்துகளில் அனுமதியின்றிப் படம் எடுத்தால் 10,000 யென் அபராதம் என்று பலகை வைத்தார்கள். அதற்கும் அடங்கவில்லை. 2024-ல், அந்தச் சந்துகளுக்குள் சுற்றுலாப் பயணிகள் வரவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நம் வீட்டுப் பெண் வேலைக்குப் போகும்போது பத்துப் பேர் இப்படிச் சூழ்ந்துகொண்டால் நாம் சும்மா இருப்போமா?

அதே ஆண்டு இன்னொரு கூத்து. ஃபுஜிகவாகுச்சிகோ என்ற ஊரில் ஒரு லாசன் கடை. அதன் கூரைக்கு மேலே ஃபுஜி மலை தெரியும் கோணம் இணையத்தில் பிரபலமாகிவிட, அந்தப் படத்துக்காகக் கூட்டம் குவிந்தது. நடுரோட்டில் நிற்பது, குப்பை போடுவது, கண்ட இடத்தில் வண்டியை நிறுத்துவது என்று ஊரே திணறியது. கடைசியில், இரண்டரை மீட்டர் உயரம், 20 மீட்டர் நீளத்துக்குக் கறுப்புத் திரை கட்டி மலையையே மறைத்தார்கள். சில மாதங்களில் திரையை எடுத்துவிட்டாலும், ஓர் ஊர் தன் அழகைத் தானே மறைக்க வேண்டி வந்ததே!

ஜப்பானில் விற்கும் செல்போன்களில், படம் எடுக்கும்போது வரும் 'க்ளிக்' சத்தத்தைப் பொதுவாக நிறுத்த முடியாது. திருட்டுத்தனமாக யாரும் யாரையும் எடுத்துவிடக் கூடாது என்பதற்காக, நிறுவனங்கள் பல வருடங்களாகக் கடைப்பிடிக்கும் ஏற்பாடு இது.

நம் ஊர்க் கோயில்களில் மூலவரைப் படம் எடுக்க விடமாட்டார்கள் அல்லவா? அங்கேயும் பல கோயில்களில் அப்படித்தான். கியோட்டோவின் சஞ்சுசன்கென்டோ கோயிலில், சுமார் 120 மீட்டர் நீள மண்டபத்தில் 1001 கன்னோன் சிலைகள் வரிசையாக நிற்கின்றன. காவல் தெய்வங்களில் நம் கருடனும் உண்டு. அங்கே பெயர் கருரா, வாயில் புல்லாங்குழல்! உள்ளே கேமராவுக்கு அனுமதி இல்லை. அதனால் வேறு வழியின்றி நின்று, நிதானமாகக் கண்ணால் பார்ப்பீர்கள்.

எடுக்க அனுமதிக்கும் இடங்களும் ஏராளம். ஆயிரக்கணக்கான ஆரஞ்சு வாசல்கள் கொண்ட ஃபுஷிமி இனாரி ஆலயம் 24 மணி நேரமும் திறந்திருக்கும். நுழைவுக் கட்டணமும் கிடையாது. விடியற்காலையில் போனால் கூட்டம் குறைவு. மலையேறும்போது ஒருமுறை திரும்பிப் பாருங்கள். காணிக்கை தந்தவர்களின் பெயரும் தேதியும் தூண்களின் பின்பக்கம்தான் எழுதப்பட்டிருக்கும். நம் கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதுவோமே, அதுபோல!

யாரையாவது படம் எடுக்க ஆசையா? "சுமிமாசென்" என்று மன்னிப்புக் கேட்கும் தொனியில் தொடங்கி, "ஷாஷின் ஓ டொத்தே மோ ஈ தெஸ் கா?" என்று கேளுங்கள். படம் எடுக்கலாமா என்று அர்த்தம். அவர்கள் இரு கைகளையும் பெருக்கல் குறி போல வைத்துக் காட்டினால், வேண்டாம் என்று பொருள். சிரித்துத் தலைவணங்கிவிட்டு நகர்ந்துவிடுங்கள். தலையசைத்தால், எடுத்த படத்தை அவர்களிடமும் காட்டுங்கள். கேட்டு வாங்கிய படத்தில், எதிரே இருப்பவர் உங்களைப் பார்த்துச் சிரித்திருப்பார்.