பொதுக் கோபுரமும் மெல்லிய குரலும்

பெரும்பாணாற்றுப்படை நீர்ப்பெயற்றுத் துறையின் கலங்கரை விளக்கத்தைப் பாடுகிறது. உயர்ந்த மாடத்தில் இரவில் ஏற்றிய தீ, கடலில் வரும் கலங்களுக்குத் திசை காட்டியது. உயரம் பொதுவுக்குப் பயன்படவேண்டும் என்னும் எண்ணம் தொண்டை மண்டலத்துக்குப் புதிதன்று.

திருப்பெரும்புதூர் வட்டாரம் உலகுக்குச் செல்பேசி செய்து அனுப்பும் மண். 2006 முதல் 2014 வரை நோக்கியா ஆலை இங்குதான் இயங்கியது. ஆயினும் 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் புறநகரிலும் பல இடங்களில் செல்பேசிகள் ஊமையாயின. செல்பேசி கோபுரத்தை நம்பியிருக்கிறது. கோபுரமோ மின்சாரத்தை நம்பியிருக்கிறது.

லோரா என்னும் குறைதிறன் வானொலிப் பின்னல் இதற்கொரு மாற்று. ஒரு கருவியின் சிறு செய்தியை அடுத்த கருவி வாங்கி அப்பால் அனுப்பும். இணையமும் சந்தாவும் வேண்டா. சிறு சூரியத் தகடும் மின்கலமும் போதும். இந்தியாவில் 865–867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைதிறன் கருவிகளுக்கு 2005இலேயே உரிம விலக்கு அளிக்கப்பட்டது; 2021இல் அது 868 வரை நீண்டது.

பென்னலூரில் இத்தகைய கணுவை எங்கே நிறுவுவது? செல்பேசிக் கோபுரம் கண்ணில் முதலில் படும். ஆனால் 869க்கு மேல் செல்பேசிக் கோபுரங்களின் வலிய ஒலிபரப்பு தொடங்குகிறது. தக்க வடிகட்டி இல்லாமல் அங்கே கணுவை வைப்பது, கொட்டுமேளத்தின் அருகே நின்று இரகசியம் கேட்பதற்கு ஒப்பாகும். ஊராட்சியின் மேல்நிலை நீர்த்தொட்டியே தகுந்த இடம் என்பது நம் கருத்து. அது ஊரின் சொத்து; பராமரிக்க ஏறிச்செல்லப் படியும் உண்டு.

பொதுச்சொத்து என்பதாலேயே கட்டுப்பாடும் தேவை. யாரோ ஓர் ஆர்வலரின் செல்வாக்கால் ஏறும் கருவி, அவர் ஊர் மாறியதும் அநாதையாகும். கிராம சபையில் தீர்மானம் வேண்டும். இடிதாங்கியும் நிலத்தொடர்பும் வேண்டும். தண்ணீர்ப் பணிக்கு இடையூறு கூடாது. பழுது பார்ப்பவர் யார் என்பது எழுத்தில் இருக்கவேண்டும்.

உயரத்துக்கு ஓர் அறமும் உண்டு. அலைவரிசை ஒன்றே, இருவர் ஒருங்கே பேசினால் இருவர் சொல்லும் சிதையக்கூடும். உயரத்தில் உள்ள கணு எல்லோரையும் கேட்கும். கேட்டதையெல்லாம் திருப்பிச் சொன்னால் கீழுள்ளோர்க்குப் பேச நேரமே இராது. ஆகவே அது மிகுதியாகக் கேட்டு, குறைவாகப் பேசவேண்டும்.

இது விளையாட்டுப் பொருள் என்பாரும் உளர். ஊராட்சி அலுவலகம், பள்ளி, சுகாதார நிலையம், வெளியூர்த் தொழிலாளர் தங்கும் விடுதி ஆகிய நான்கிடங்களில் ஒவ்வொரு கருவி இருந்து, ஐப்பசி பிறக்குமுன் ஒருமுறை சோதித்துப் பார்த்துவிட்டால், அப்பேச்சுக்கு இடமிராது.